18 மதப்பிரிவுகள், ஒரு சின்ன நாடு: லெபனானைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

2023 மார்ச் கடைசியில் லெபனானில் சில நாட்கள் இரண்டு நேரம் ஓடியது. வசந்த காலம் வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பது அங்கே வழக்கம். அந்த ஆண்டு அந்த நாள் ரமலான் மாதத்தின் முதல் வாரத்தில் வந்து விழுந்தது. மாற்றத்தை நோன்பு முடியும்வரை தள்ளிப்போடலாம் என்று நாடாளுமன்றத் தலைவர் நபீ பெர்ரி கேட்க, இடைக்காலப் பிரதமர் நஜீப் மிக்காத்தி ஒப்புக்கொண்டார். நோன்பு சூரியன் கணக்கில் நடப்பது. கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் பசித்திருக்கும் நேரம் குறையாது. ஆனாலும் ஏழு மணிக்கு நோன்பு திறப்பதைவிட ஆறு மணிக்குத் திறப்பது மனதுக்குக் கொஞ்சம் இலகு. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான மரோனைட் திருச்சபை இந்த முடிவை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. எல்.பி.சி.ஐ., எம்.டி.வி. ஆகிய தொலைக்காட்சிகள் புது நேரத்துக்கு மாறின. அரசு அலுவலகங்களும் விமான நிலையமும் பழைய நேரத்திலேயே இருந்தன. பள்ளிகளில் சில இப்படி, சில அப்படி. ‘முஸ்லிம் நேரம்’, ‘கிறிஸ்தவ நேரம்’ என்றே மக்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்காமல் அமைச்சரவை கூடி முடிவைத் திரும்பப் பெற்றது.

வெளியிலிருந்து பார்த்தால், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை சண்டை என்று தோன்றும். லெபனானில் இருக்கிற பிரச்சினையின் முழு உருவமும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது என்பது என் எண்ணம். அங்கே யாரும் இறையியல் பேசிச் சண்டை போடவில்லை. ‘இந்த நாட்டில் முடிவெடுப்பது யார், எங்களைக் கேட்டீர்களா’ என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எல்லாவற்றிலும் வந்து ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் மக்களின் மனம் குறுகியிருப்பது அல்ல. பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு காரியத்தையும் மதப்பிரிவின் வழியாகவே செய்ய வைக்கும் ஓர் ஏற்பாடு அங்கே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியும், அதற்குள் மக்கள் எப்படிச் சேர்ந்து சாப்பிட்டு, பேசி, துக்கம் கேட்டு வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியும்.

முதலில் அடிப்படை. லெபனானில் அரசு அங்கீகரித்த மதப்பிரிவுகள் 18. கிறிஸ்தவத்தில் 12: மரோனைட், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கர், ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியக் கத்தோலிக்கர், சிரியாக் திருச்சபையில் இரண்டு, புராட்டஸ்டன்ட் என்று பட்டியல் நீளும். இஸ்லாத்தின் பக்கம் ஐந்து: சுன்னி, ஷியா, துரூஸ், அலவி, இஸ்மாயிலி. துரூஸ் மக்கள் தங்களைத் தனிச் சமயமாகவே பார்த்தாலும் அரசியல் கணக்கில் இந்தப் பக்கம் சேர்க்கப்படுகிறார்கள். கடைசியாக யூதர்கள். இன்று மிகச் சிலரே மிஞ்சியிருந்தாலும் பட்டியலில் இடம் இருக்கிறது.

இதில் தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று. லெபனானில் மதப்பிரிவு என்பது நம்பிக்கையைப் பற்றியது மட்டும் அல்ல. கடவுளே இல்லை என்று சொல்பவரும் அங்கே மரோனைட்டாகவோ ஷியாவாகவோதான் பதிவாகியிருப்பார். நம்மூர்க் குடும்ப அட்டை மாதிரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடிமைப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. அதில் ஊர், பதிவு எண், பிரிவு மூன்றும் இருக்கும். ஊர் என்றால் இப்போது குடியிருக்கும் ஊர் அல்ல, அப்பாவழிப் பாட்டன் பூட்டனின் ஊர். பெய்ரூட்டில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர் தேர்தலன்று இரண்டு மணி நேரம் வண்டியோட்டித் தெற்கே ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் ஓட்டுப் போடுவார். அவர் மனைவி கல்யாணத்துக்கு முன் வேறு ஊர்ப் பதிவேட்டில் இருந்தவர், இப்போது கணவர் ஊருக்கு மாற்றப்பட்டிருப்பார். நாற்பது ஆண்டுகள் ஒரு தெருவில் வாழ்ந்தும் அந்தத் தெருவின் குப்பைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான நகராட்சியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

இது எங்கிருந்து வந்தது? ஆயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் தவறு. லெபனான் மலையில் மரோனைட்டுகளும் துரூஸ்களும் நீண்ட காலம் ஒரே பிரபுக்களின் கீழ் விவசாயம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் சீர்திருத்தங்களும், பிரான்ஸ், பிரிட்டன் போன்ற வல்லரசுகள் ஆளுக்கொரு பிரிவைத் தம் கையில் எடுத்துக்கொண்டதும், நிலவுடைமைத் தகராறுகளும் சேர்ந்து மத வரியைக் கூர்மையாக்கின. 1860இல் பெரும் படுகொலை நடந்தது. 1861இல் மலைக்குத் தனி நிர்வாகம் அமைத்தபோது ஆட்சிக் குழுவின் இருக்கைகளைப் பிரிவுவாரியாகப் பங்கிட்டார்கள். தற்காலிகச் சமாதானத்துக்காகச் செய்த அந்தப் பங்கீடுதான் இன்றுவரை வெவ்வேறு உருவில் தொடர்கிறது.

1920இல் பிரெஞ்சுக்காரர்கள் மலையோடு கடற்கரை நகரங்களையும் பெக்கா பள்ளத்தாக்கையும் தெற்கையும் சேர்த்து ‘பெரிய லெபனான்’ என்று அறிவித்தார்கள். மலையில் பெரும்பான்மையாக இருந்த கிறிஸ்தவர்கள் விரிந்த நாட்டில் மயிரிழையில்தான் பெரும்பான்மை. 1932இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே அதிகாரபூர்வமான கணக்கெடுப்பே எடுக்கவில்லை. எடுத்தால் யார் எத்தனை பேர் என்பது வெளியே வரும், வந்தால் பங்கீட்டை மாற்றச் சொல்வார்கள் என்ற பயம்.

1943இல் விடுதலை வந்தபோது மரோனைட் தலைவர் பிஷாரா அல்கூரியும் சுன்னித் தலைவர் ரியாத் அல்சுல்ஹும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடாத அந்த உடன்பாட்டுக்குத் தேசிய ஒப்பந்தம் என்று பெயர். அதையொட்டி உருவான வழக்கப்படி குடியரசுத் தலைவர் மரோனைட், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா. இருக்கைகள் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற கணக்கில். 15 ஆண்டு உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1989இல், சவூதியின் தாயிஃப் நகரில் செய்த உடன்பாடு அதைச் சரிபாதியாக்கியது. இப்போது 128 இருக்கைகள்: கிறிஸ்தவருக்கு 64, முஸ்லிமுக்கு 64. அதற்குள்ளும் மரோனைட்டுக்கு 34, சுன்னிக்கு 27, ஷியாவுக்கு 27, துரூஸுக்கு 8, அலவிக்கு 2 என்று இழை இழையாகப் பிரித்திருக்கிறார்கள். ராணுவத் தளபதியும் மத்திய வங்கி ஆளுநரும் மரோனைட்டாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். தாயிஃப் உடன்பாட்டில் இன்னொரு வரியும் உண்டு: மதப்பிரிவு அரசியலைப் படிப்படியாக ஒழிப்பது தேசத்தின் குறிக்கோள். அதற்கென ஒரு குழு அமைக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அந்தக் குழு அமைக்கப்படவில்லை.

இந்தப் பங்கீடு கீழ்மட்டம் வரை இறங்கிவிட்டது. உயர்மட்டப் பதவிகளுக்கு மட்டும்தான் சமபங்கு, மற்றவற்றுக்குத் தகுதி என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வனக்காவலர் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியவர்களின் நியமனம் கிடப்பில் போடப்பட்டது. காரணம், தேறியவர்களில் கிறிஸ்தவர் எண்ணிக்கை குறைவு. காட்டைக் காவல் காக்கும் வேலைக்கே இந்தக் கணக்கு.

சரி, இருக்கைக் கணக்கு அரசியல்வாதிகளின் கவலை என்று விட்டுவிடலாம். வீட்டுக்குள் நுழைவது கல்யாணம். லெபனானுக்குள் பதிவுத் திருமணம் என்பதே கிடையாது. கல்யாணம், மணமுறிவு, பிள்ளைகள் யாரிடம் வளர்வது எல்லாவற்றையும் அந்தந்தப் பிரிவின் மத நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். இதற்கென்று 15 தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

ஓர் அடுக்ககத்தில் எதிரெதிர் வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சுன்னி, ஒருவர் ஷியா. இருவருக்கும் மூன்று வயதில் ஒரு மகன். இருவருக்கும் ஒரே மாதத்தில் மணமுறிவு ஆகிறது. சுன்னி அம்மாவிடம் பையன் 12 வயது வரை இருக்கலாம். 2011இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியதால் கிடைத்த உரிமை அது. ஷியா நீதிமன்றச் சட்டப்படி மகன் அம்மாவிடம் இருப்பது இரண்டு வயது வரைதான், மகளானால் ஏழு வரை. ஆக ஒரு அம்மா பையனைப் பள்ளிக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருப்பார், எதிர் வீட்டு அம்மா பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு அலைந்துகொண்டிருப்பார். இருவரும் ஒரே நாட்டின் குடிமக்கள், ஒரே வரி கட்டுகிறவர்கள். இதை எதிர்த்து ஷியா அம்மாக்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். மதப்பிரிவுச் சண்டை என்றதும் துப்பாக்கியை மட்டும் நினைக்கிறவர்கள் இந்த அம்மாக்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டங்களின் இடுக்குகளில் மக்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். மரோனைட் திருச்சபையில் மணமுறிவு கிடையாது, திருமணமே செல்லாது என்று நிறுவினால்தான் விடுதலை. அதனால் மணமுறிவுக்காகவே வேறு திருச்சபைக்கு மாறுகிறவர்கள் உண்டு. ஆண் பிள்ளை இல்லாத சுன்னி அப்பா இறந்தால் சொத்தில் ஒரு பங்கு அவருடைய சகோதரர்களுக்குப் போகும். ஷியா சட்டத்தில் முழுவதும் மகள்களுக்கே. ஆகவே மகள்களுக்காகப் பதிவேட்டில் ஷியாவாக மாறிய சுன்னி அப்பாக்கள் இருக்கிறார்கள். தொழுகை மாறாது, பழக்கம் மாறாது, பதிவேட்டின் ஒரு கட்டம் மட்டும் மாறும்.

இரு வேறு பிரிவினர் காதலித்தால் என்ன செய்வது? சைப்ரஸுக்கு விமானம் ஏறுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சான்றிதழோடு திரும்பினால் லெபனான் அரசு அதை ஏற்றுக்கொள்ளும். சொந்த மண்ணில் செய்தால் செல்லாத கல்யாணம் கடலைத் தாண்டிச் செய்தால் செல்லும். பெய்ரூட்டில் இதற்கென்றே பயணச்சீட்டு, விடுதி, காகித வேலை எல்லாம் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2009இல் பதிவேட்டிலிருந்து பிரிவின் பெயரை நீக்கிக்கொள்ள உள்துறை அமைச்சகம் அனுமதி தந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜோடி நாட்டுக்குள்ளேயே பதிவுத் திருமணம் செய்து, 2013இல் அரசை ஏற்கவும் வைத்தது. பெரிய செய்தியானது. ஆனால் அதற்குப் பின் அந்தப் பாதை அகலவில்லை. மதத் தலைமைகள், இரு பக்கமும், ஒற்றுமையாக எதிர்க்கும் விஷயம் இது.

அடுத்தது பிழைப்பு. அரசு மருத்துவமனையில் இடம், பிள்ளைக்கு வேலை, பாதியில் நிற்கும் சாலை, எதுவானாலும் ஒரு ஆள் வேண்டும். இந்தச் சிபாரிசுக்கு அங்கே ‘வாஸ்தா’ என்று பெயர். வாஸ்தாவின் உச்சியில் இருக்கும் தலைவர் ‘ஸயீம்’. துரூஸ்களுக்கு ஜும்பலாத் குடும்பம், மரோனைட்டுகளில் ஜெமாயெல், ஃப்ராஞ்சியே குடும்பங்கள், சுன்னிகளுக்கு நீண்ட காலம் ஹரீரி குடும்பம், ஷியாக்களில் அமல் இயக்கத்தின் பெர்ரியும் ஹிஸ்புல்லாவும். பெர்ரி 1992 முதல் நாடாளுமன்றத் தலைவர். அரசு பலவீனமாக இருக்கும்வரைதான் ஸயீமுக்கு வேலை. மின்சாரம் ஒழுங்காக வந்தால், வேலை தகுதிப்படி கிடைத்தால், முதியவருக்கு ஓய்வூதியம் இருந்தால் யாரும் அவர் வாசலில் நிற்கப்போவதில்லை. ஆகவே அரசைப் பலப்படுத்துவதில் எந்த ஸயீமுக்கும் அக்கறை இல்லை. எனக்குத் தெரிந்தவரை லெபனான் அரசியலின் மிகப் பெரிய முடிச்சு இதுதான். மதம் அந்த முடிச்சைப் போர்த்தியிருக்கும் துணி.

இனி போர். 1975 ஏப்ரல் 13இல் பெய்ரூட்டின் அய்ன் அல்ரும்மானே பகுதியில் ஒரு தேவாலயத்தின் முன் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் இறந்தார்கள். அதே நாளில் பாலஸ்தீனர்கள் வந்த ஒரு பேருந்தைக் கிறிஸ்தவ ஃபலாங்கே படையினர் மறித்துச் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று தொடங்கியது 1990 வரை ஓடியது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் இறந்ததாகவும் 17,000 பேர் காணாமல் போனதாகவும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாலஸ்தீன இயக்கங்கள், சிரியா, இஸ்ரேல் என்று வெளியார் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள்.

இதைக் கிறிஸ்தவர், முஸ்லிம் சண்டை என்று ஒரே வரியில் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும். 1980களின் நடுவில் ஷியா அமல் இயக்கம் பாலஸ்தீன முகாம்களை முற்றுகையிட்டது. 1988இல் அமலும் ஹிஸ்புல்லாவும், அதாவது ஷியாவும் ஷியாவும், தெருத்தெருவாக மோதிக்கொண்டன. 1990இல் மிஷேல் அவூனின் ராணுவமும் சமீர் ஜஅஜஅவின் படையும், இரண்டுமே மரோனைட் தலைமை, கிழக்கு பெய்ரூட்டை நாசமாக்கின. ஒரு பிரிவுக்குள் யார் பெரியவர் என்ற சண்டையில் செத்தவர்கள் ஏராளம்.

ஆனால் சாதாரண மனிதருக்கு நினைவில் நிற்பது சோதனைச் சாவடிகள். அன்று அடையாள அட்டையில் மதப்பிரிவு அச்சிட்டிருந்தது. 1975 டிசம்பர் 6, கருப்புச் சனிக்கிழமை என்று சொல்லப்படும் நாளில், ஃபலாங்கே ஆட்கள் சாலையை மறித்து அட்டையைப் பார்த்துப் பார்த்து முஸ்லிம்களைக் கொன்றார்கள். அப்புறம் எல்லாத் தரப்பும் அதையே செய்தது. ஓர் அலுவலகத் தாளில் இருந்த ஒரு சொல் உயிரைத் தீர்மானித்தது. போருக்குப் பின் வந்த அட்டைகளில் பிரிவின் பெயர் இல்லை. பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. படைத்தலைவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் 1982இலேயே ஓர் அமைப்பாகச் சேர்ந்திருந்தன. கணவரைப் பறிகொடுத்த வதாத் ஹல்வானி என்ற ஆசிரியை தொடங்கியது அது. கிறிஸ்தவ அம்மாவும் ஷியா மனைவியும் துரூஸ் அக்காவும் கையில் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றாக நின்ற இடம் அது. காணாமல் போனவர்களைத் தேடத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2018இல்தான் நிறைவேறியது. 36 ஆண்டுகள்.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று கேட்டால், சமையலறையிலிருந்து தொடங்கலாம். மஃமூல் என்று ஒரு பலகாரம். ரவையை வெண்ணெயோடு பிசைந்து இரவெல்லாம் ஊறவைத்து, பன்னீரோ ஆரஞ்சுப் பூநீரோ தெளித்து, பேரீச்சை, வால்நட், பிஸ்தா என்று உள்ளே வைத்து, மரஅச்சில் அழுத்தித் தட்டி எடுத்துச் சுடுவார்கள். எந்த வடிவ அச்சில் தட்டியது என்று பார்த்தாலே உள்ளே என்ன பூரணம் என்று தெரிந்துவிடும். கிறிஸ்தவ வீட்டில் இது ஈஸ்டர் பலகாரம், முஸ்லிம் வீட்டில் பெருநாள் பலகாரம். மாவு ஒன்று, அச்சு ஒன்று, பண்டிகை மட்டும் வேறு. தட்டு தட்டாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும், வேறு மாதத்தில் வேறு தட்டாகத் திரும்பி வரும். குழந்தை பிறந்தால் அரிசி மாவும் சீரகத்தைப் போன்ற கேரவே விதையும் சேர்த்துச் செய்யும் மெக்லி என்ற இனிப்பு எல்லா வீட்டிலும் உண்டு. காலையில் ரொட்டி அடுப்பில் சுட்ட, ஸஅதர் என்ற மூலிகைப் பொடி தூவிய மனூஷே ரொட்டிக்குப் பிரிவு கிடையாது.

காலை என்றதும் பாடகி ஃபைரூஸ். லெபனானில் வானொலிகள் காலை நேரத்தை அவர் குரலுக்கு ஒதுக்கிவைத்திருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். போர் நடந்த ஆண்டுகளில் நாட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் ஒரு பக்கம் பாடினால் இன்னொரு பக்கத்துக்கு எதிராகிவிடும் என்று நாட்டுக்குள் கச்சேரி எதுவும் நடத்தாமல் இருந்தார். 1994இல் பெய்ரூட் தியாகிகள் சதுக்கத்தில், போர் கிழக்கு, மேற்கு என்று பிரித்த இரண்டு பெய்ரூட்டுகளுக்கும் நடுவே எல்லைக்கோடாக இருந்து பாழான இடத்தில், திரும்பப் பாடினார்.

துக்க வீட்டைப் பார்க்க வேண்டும். யார் இறந்தாலும் அக்கம்பக்கத்தில் எல்லாப் பிரிவினரும் வருவார்கள். சர்க்கரை போடாத காப்பி சின்னக் கோப்பையில் வரும், ஒரு வாய் குடித்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்து ஆறுதல் சொல்லிவிட்டு அமர்வார்கள். போகாமல் விட்டால் அது பெரிய குறை. ஹரிஸ்ஸா மலையில் இருக்கும் மாதா சிலையைப் பார்க்க முஸ்லிம் பெண்களும் போவார்கள். மர்யம் குர்ஆனிலும் மதிக்கப்படுகிறவர். மார்ச் 25, மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளை, 2010இல் இரு மதத்தாருக்கும் பொதுவான தேசிய விடுமுறையாக்கினார்கள்.

இதையெல்லாம் வைத்து ‘மக்கள் நல்லவர்கள், தலைவர்கள்தான் கெட்டவர்கள்’ என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. அதே மக்கள்தான் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் இரண்டு நிமிடத்தில் அவர் யார் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நேரடியாகக் கேட்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை. பெயரைக் கேட்பார்கள். ஷார்பெல் என்றால் மரோனைட், உமர் என்றால் சுன்னி, ஹுசேன், ஸைனப் என்றால் அநேகமாக ஷியா. ரமி, கரீம், நாதின் மாதிரிப் பெயரானால் குடும்பப் பெயர், அதிலும் தெரியாவிட்டால் ‘உங்கள் ஊர் எது?’ கிராமத்தின் பெயர் வந்ததும் எல்லாம் விளங்கிவிடும். அப்புறம் பேச்சு அதற்கேற்ப வளையும், எந்தத் தலைவரைத் திட்டலாம், எவரைத் திட்டக் கூடாது என்று. பிள்ளைகளுக்குப் பொதுவான பெயர் வைக்கும் பெற்றோர் பலர் இதை நினைத்தே வைக்கிறார்கள்.

பார்க்கிற செய்தியும் பிரிந்தே கிடக்கிறது. அல்மனார் ஹிஸ்புல்லாவுடையது, என்.பி.என். பெர்ரியுடையது, ஓ.டி.வி. அவூன் கட்சியுடையது, எல்.பி.சி. 1985இல் லெபனிய படைகள் என்ற கிறிஸ்தவ ஆயுத அமைப்பு தொடங்கியது. விளையாட்டிலும் அப்படியே. கூடைப்பந்தில் ஹிக்மே என்றால் கிறிஸ்தவர் அணி, ரியாதி என்றால் சுன்னி அணி. கால்பந்தில் அஹெத் ஹிஸ்புல்லா பக்கம், சஃபா துரூஸ், ஹோமென்த்மென் ஆர்மீனியர். 2005க்குப் பின் சில ஆண்டுகள் கால்பந்து மைதானத்துக்குள் ரசிகர்களையே விடவில்லை. கோஷம் கைகலப்பாகிவிடும் என்ற பயம்.

இந்த 18 கட்டங்களிலும் இடமில்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948 முதல் தலைமுறைகளாக இருக்கும் பாலஸ்தீன அகதிகள், 2011க்குப் பின் வந்த சிரியர்கள், வீட்டு வேலைக்கு வந்த எத்தியோப்பிய, பிலிப்பைன்ஸ், இலங்கைப் பெண்கள். ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து அத்தனை பெண்கள் போனதால் ‘ஸிர்லங்கிய்யே’ என்றாலே வீட்டு வேலைக்காரி என்று அங்கே பேச்சு வழக்கில் அர்த்தமாகிவிட்டது. வீட்டு வேலைக்கு வந்த இந்தப் பெண்கள் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பில் சேர மாட்டார்கள், தங்கும் உரிமை வீட்டு முதலாளியின் கையில். அந்த வீடு எந்தப் பிரிவாக இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை.

2019 அக்டோபர் 17இல் வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி போடப்போவதாக அரசு சொன்னதும் நாடே தெருவுக்கு வந்தது. ‘எல்லோரும் என்றால் எல்லோரும்தான்’ என்பது அன்றைய கோஷம். எங்கள் தலைவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற பேச்சு இல்லை, அத்தனை பேரும் போக வேண்டும். சுன்னிகள் நிறைந்த வடக்குத் திரிப்போலியிலிருந்து ஷியாக்கள் நிறைந்த தெற்கு தீர் நகரம் வரை கடற்கரையோரம் கைகோத்து மனிதச் சங்கிலி அமைக்க மக்கள் நின்றார்கள். பிறகு வங்கிகள் சேமிப்பை முடக்கின, பணத்தின் மதிப்பு 98 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் துறைமுகத்தில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் துடைப்பத்தோடு வந்து கண்ணாடித் துண்டுகளை அள்ளியவர்கள் எல்லா ஊர்ப் பிள்ளைகளும்தான். ஆனால் நீதிபதி பெரிய தலைகளை விசாரணைக்கு அழைத்ததும் விசாரணையே பிரிவுப் பிரச்சினையாக மாற்றப்பட்டது. 2021 அக்டோபரில் அதற்கு எதிரான ஊர்வலத்தில், 1975இன் பேருந்து மறிக்கப்பட்ட அதே பகுதிக்குப் பக்கத்தில், துப்பாக்கிச் சண்டை நடந்து உயிர்கள் போயின. வறுமை வந்தபோது அரசிடம் கொடுக்க எதுவும் இல்லை. சாப்பாட்டுப் பையும் மருந்தும் கட்சிகளிடமிருந்து வந்தன. கோபமாகத் தெருவில் நின்றவரும் பசிக்கும்போது ஸயீமின் வாசலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

2024 இலையுதிர்காலத்தில் இஸ்ரேலின் குண்டுவீச்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து ஓடினார்கள், பெரும்பாலும் ஷியாக்கள். கிறிஸ்தவ, துரூஸ், சுன்னி ஊர்களின் பள்ளிகளில் பாய் விரித்து இடம் கொடுத்தார்கள், சமைத்துப் போட்டார்கள். அக்டோபரில் வடக்கே அய்தூ என்ற கிறிஸ்தவ ஊரில் அப்படி அடைக்கலம் வந்தவர்கள் தங்கியிருந்த வீட்டின் மீது குண்டு விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின் வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரின் பெயரையும் ஊரையும் விசாரிப்பது கூடியது. கதவைத் திறந்தவரும் பயந்து மூடியவரும் ஒரே தெருக்காரர், சில இடங்களில் ஒரே ஆள்.

இன்று மாற்றம் கேட்கும் லெபனியர்கள் வானத்தை வளைக்கச் சொல்லவில்லை. நாட்டுக்குள்ளேயே பதிவுத் திருமணம் செய்ய விருப்பச் சட்டம். குடியிருக்கும் ஊரில் ஓட்டு. அம்மாவும் பிள்ளைக்குக் குடியுரிமை தர உரிமை, இப்போது அப்பாவுக்கு மட்டும்தான் உண்டு. அப்புறம் பள்ளிகளுக்குப் பொதுவான ஒரு வரலாற்றுப் புத்தகம். தாயிஃப் உடன்பாட்டிலேயே சொன்ன இந்தக் கடைசி விஷயம்தான் இருப்பதில் கடினம் என்று நினைக்கிறேன். பாடநூலில் வரலாறு 1940களோடு நின்றுவிடுகிறது. புதுப் புத்தகம் எழுத முயன்றபோதெல்லாம் யார் தியாகி, யார் துரோகி என்ற இடத்தில் வேலை நின்றுபோனது. பிள்ளைகள் 1975 முதல் 1990 வரை நடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் அறிகிறார்கள், வீட்டுக்கு வீடு கதை வேறு. இப்போது எதிரெதிர் அணிகளில் ஆயுதம் தூக்கிச் சண்டையிட்ட முன்னாள் படையினர் சிலர் ஒன்றுசேர்ந்து பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய் வருகிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து, அன்று தாங்கள் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று சொல்லி, மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார்கள்.